சற்றே விலகிய பாதாம்

கெய்ரோ நகரத்தில் ஒருவன் வயிறாரத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போகும் உரிமை இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை இருந்தது. பிறகு உண்டவர் மனப்பதிவு இயக்ககம் வந்தது.

சும்மா வரவில்லை. ஐந்து மாடிக் கட்டடம், இருநூறு ஊழியர்கள், அந்த இருநூறு பேருக்கும் தேநீர் சுமக்க முப்பது பேர், கழுகு பொறித்த முத்திரை ஒன்று என்று சகல பரிவாரங்களோடும் வந்தது. அவித்த மொச்சை விற்கும் தள்ளுவண்டியிலிருந்து நைல் கரையின் மிதக்கும் உணவகம் வரை, ரொட்டி அடுப்பிலிருந்து பாயசக் கடை வரை, மேசைக்கு மேசை நீலச் சீட்டுக் கட்டு ஒன்று பென்சிலோடு தொங்கியது. சாப்பிட்டவர் மனதில் பட்டதை அதில் எழுதி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, வாசலிலுள்ள இரும்புப் பெட்டியில் போட வேண்டும். மனதில் எதுவும் படவில்லை என்றால், ஏன் படவில்லை என்று விளக்க மஞ்சள் சீட்டு இருந்தது.

நீலச் சீட்டில் இரண்டே கட்டங்கள். மேலே நிறை, கீழே குறை. குறை இல்லையென்றால் காலியாக விடலாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் இயக்ககத்துக்கு ஊரைத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது.

கெய்ரோவில் யாரும் ஒன்றை முழுசாகப் புகழ மாட்டார்கள். கொழுகொழுவென்று குழந்தை பிறந்தால் "பாவம், கறுப்பா இருக்கு" என்பார்கள். புதுச் சட்டை போட்டவனைப் பார்த்தால் காலரில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வாழ்த்துவார்கள். அப்படிச் சொல்லாமல் வாய் நிறையப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். கண் பட்டால் குழந்தைக்குக் காய்ச்சல், சட்டைக்கு ஆணிக் கிழிசல். ஆகவே ஊர் முழுக்க நீலச் சீட்டில் நிறையை எழுதிவிட்டு, கடைக்காரன் நன்றாக இருக்கட்டும் என்ற அன்பினால் குறையையும் எழுதினார்கள். 'குஷரிச் சோறு பிரமாதம், பருப்பில் ஒன்று மட்டும் கல் மாதிரி இருந்தது.' 'புறாவறுவல் அமிர்தம், புறா கொஞ்சம் கோபமாகப் பார்த்தது.' எல்லாம் பொய். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு மாதிரி, வேண்டுமென்றே வைத்த பொய்.

இயக்குநர் டாக்டர் ஸர்வத் அவ்வளவையும் எண்ணினார். சுவிட்சர்லாந்தில் பதினோரு மாதம் மனப்பதிவு இயல் படித்துவிட்டு வந்தவர். இயக்ககத்தின் முதலாம் ஆண்டு விழாவில், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் பேசியதை வானொலி மூன்று முறை ஒலிபரப்பியது.

"நண்பர்களே! நம்ம இயக்ககம் வர்றதுக்கு முன்னாடி இந்த நகரத்து சாப்பாட்டுல பதிவான குறைகள் எத்தனை? பூஜ்யம்! இன்னிக்கு எத்தனை? நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்! ஒரே வருஷத்துல! இத்தனை குறையும் நம்ம உழைப்பு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

ஷவ்கிக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் எதுவும் இருக்கவில்லை. ஷுப்ரா பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர் அவர். வந்தவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?" என்று கேட்பதில் பகல் கழியும். கடை சாத்தியதும் பக்கத்துத் தெருவில் மஹ்ரூஸின் இனிப்புக் கடைக்குப் போவார். இரண்டு மேசை, நாலு நாற்காலி. ஒரு தட்டு பஸ்பூசா, ஒரு கண்ணாடித் தம்ளர் தேநீர். ரவையை நெய்யும் தயிரும் விட்டுப் பிசைந்து, அடுப்பில் சுட்டு, சூட்டோடு சர்க்கரைப் பாகை ஊற்றி, சாய்சதுரமாக வெட்டிய துண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பாதாம். மஹ்ரூஸுக்கும் அவருக்கும் முப்பது வருடப் பழக்கம் என்பதால் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ரமலானுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு புதன்கிழமை, ஷவ்கி வழக்கம்போல ஒரு துண்டை வாயில் போட்டார். போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடத்தில் மஹ்ரூஸ் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. நெய் எங்கே முடிகிறது, பாகு எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்குப் பிடிபடவில்லை.

நீலச் சீட்டை இழுத்து நிறைக் கட்டத்தில் எழுதத் தொடங்கினார். ஷவ்கியின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. இவ்வளவு புகழ்ச்சியை மொட்டையாகப் பெட்டியில் போட்டால், பசியோடு உட்கார்ந்திருக்கும் எத்தனை குமாஸ்தாக்களின் கண்ணில் படும்! மஹ்ரூஸ் என்ன ஆவார்? ஒரு குறையாவது வேண்டும். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை அகப்படவில்லை. கடைசியில், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ய முடியாத ஒரு குறையைத் தானே உண்டாக்கி எழுதினார்.

'என் துண்டில் பாதாம் சரியாக நடுவில் இல்லை. சற்றே விலகியிருந்தது.'

சிநேகிதனுக்கு ஒரு நல்லது செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கொண்ட குழு வந்தது. அப்போதும் ஷவ்கி அதே நாற்காலியில் முள்கரண்டியோடு இருந்தார். தலைமை ஆய்வாளர் நஸீஹ், தன் கைப்பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதைப் போன்ற ஒரு கவராயத்தை வெளியே எடுத்தார்.

"கடைக்காரர் நீங்கதானா? உங்க பாதாம் நடுவுல இல்லைன்னு ஒரு மனப்பதிவு வந்திருக்கு."

மஹ்ரூஸ் சிரித்தார். குழுவில் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "எந்தப் பாதாம் பாஷா?"

"அதைத்தான் கண்டுபிடிக்க வந்திருக்கோம்."

தட்டில் நாற்பத்தெட்டுத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் மூலைக்கு மூலை நூல் பிடித்து, நடுவைக் குறித்து, கவராயத்தால் பாதாமை அளந்து, ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர் எழுதினார். அளந்த துண்டைக் குழுவினர் உடனே தின்றார்கள். சான்றுப் பொருள் வெளியில் இருந்தால் கெட்டுவிடும், அலுவலர் வசம் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நஸீஹ் விளக்கினார். நாற்பத்தெட்டும் பாதுகாக்கப்பட்டன. நாற்பத்தெட்டிலும் பாதாம் நடுவில்தான் இருந்தது.

"அப்பாடா," என்றார் மஹ்ரூஸ்.

"அவசரப்படாதீங்க. இதெல்லாம் ஒழுங்கான துண்டு. குத்தம் செஞ்ச துண்டு எங்க?"

"அது புதன்கிழமைத் துண்டு பாஷா! யாரோ தின்னுட்டுப் போயிட்டான்!"

"எழுதிக்கோ," என்றார் நஸீஹ் பக்கத்திலிருந்தவரிடம். "சம்பந்தப்பட்ட துண்டு தலைமறைவு. அதை ஆஜர் படுத்துற வரைக்கும், இல்ல மனப்பதிவு வாபஸ் ஆகுற வரைக்கும் கடைக்கு சீல்."

"எவன் எழுதினான்? பேரச் சொல்லுங்க, நானே கைல கால்ல விழுந்து கேட்டுக்கறேன்."

"அது ரகசியம். மனப்பதிவாளரோட பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்."

ஷவ்கியின் வாயில் அப்போது ஒரு பாதாம் இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தால் பாதாம் வெளியே விழும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ஷட்டர் இறங்கியது. சிவப்பு அரக்கில் கழுகு உட்கார்ந்தது. மஹ்ரூஸ் அடுத்த மாதத்துக்காக வாங்கி அடுக்கிய ரவை மூட்டைகளும் நெய் டின்களும் உள்ளே இருந்தன. வருடத்தில் பதினோரு மாதம் அந்தக் கடை மூச்சுவிடும், ரமலானில்தான் சாப்பிடும். அது ஷவ்கிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து மஹ்ரூஸ் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு.

"வீட்டு அடுப்புல செஞ்சேன். நீ ஒரு நாள் இது இல்லாம இருந்ததில்லையே. தின்னு."

ஷவ்கி தட்டைப் பார்த்தார். அதிலும் பாதாம் நடுவில்தான் இருந்தது.

"ஷவ்கி, உன் கையெழுத்து அழகா இருக்கும். இயக்ககத்துக்கு ஒரு மனு எழுதிக் குடு. எழுதினவன் யாருன்னு கண்டுபிடிச்சு அவனை விசாரிக்கணும். என்னைப் பாத்து வயிறு எரியிற பய எவனோ இருக்கான்."

"வயிறெரிச்சல்னு எப்படிச் சொல்ற? தெரியாம எழுதியிருக்கலாம்ல?"

"பாதாம் நடுவுல இல்லைன்னு தெரியாம எழுதுவானா? உக்காந்து, முறைச்சுப் பாத்து எழுதியிருக்கான். நீ எழுது. 'என் சோத்துல மண்ணைப் போட்ட அந்தப் பாவி...' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"'அவன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போக.' அதையும் எழுது."

"மனுவுல இதெல்லாம் வேணாம்ப்பா. கண்ணாடிக் கடைல உக்காந்துட்டு..."

"நீ நல்லவன், உனக்குக் கை வராது. என் பேச்சா எழுது."

ஷவ்கி எழுதினார். தன்னைப் பற்றித் தானே, ஒரு எழுத்துப் பிசகாமல், முத்துமுத்தாக எழுதினார். மஹ்ரூஸ் அதை முத்தமிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ இல்லன்னா நான் என்ன செய்வேன்!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டிலிருந்த பஸ்பூசாவை ஷவ்கி தின்றார். தின்னாமல் திருப்பி அனுப்பியிருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று அவருக்கே தோன்றியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இயக்ககத்துக்குப் போனார்.

முதல் ஜன்னலில் இருந்தவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "வாபஸா? தாராளமா. அதே கடைல அதே பண்டத்தைத் திரும்பச் சாப்பிட்டு, பாதாம் நடுவுலதான் இருந்துச்சுன்னு இந்தப் பச்சைச் சீட்டுல எழுதிட்டு வாங்க."

"கடைக்கு சீல் வெச்சிருக்கே."

"சீலை எடுத்ததும் சாப்பிடுங்க."

"நான் வாபஸ் வாங்கினாத்தானே சீலை எடுப்பீங்க?"

"பாத்தீங்களா, உங்களுக்கே நடைமுறை நல்லாத் தெரிஞ்சிருக்கு. அடுத்தது யாருப்பா?"

இரண்டாம் மாடியில் மதாம் அஃப்கார் என்ற மூத்த குமாஸ்தா, மேசை மேல் செய்தித்தாளை விரித்துச் சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தார். வீட்டில் மதியத்துக்கு அரிசி அடைத்துச் சமைப்பதற்காக. அவர் ஷவ்கியின் கதையை முழுசாகக் கேட்டார். குடைவதை மட்டும் நிறுத்தவில்லை.

"கண் பட்டுடக் கூடாதுன்னு எழுதினீங்க. அதானே?"

ஷவ்கிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எப்படி மதாம் தெரியும்?"

"இங்க வர்ற நாலு லட்சமும் அப்படித்தான். நான்தானே பிரிச்சு அடுக்கறேன். என் தங்கச்சி புருஷன் கடைக்கு நானே மூணு எழுதியிருக்கேன்."

"அப்ப டாக்டர் கிட்ட இதைச் சொல்லலையா?"

"கேக்கலையே. கேக்காததைச் சொல்ல இங்க சீட்டு கிடையாது." கத்தியால் மேலே காட்டினார். "அஞ்சாவது மாடி. நேராப் போங்க, கதவுல நீல மணி தொங்கும்."

நீல மணி தொங்கியது. கண் திருஷ்டிக்குக் கட்டுகிற கண்ணாடிப் பாசிமணி, நல்ல பெரிய அளவில். உள்ளே டாக்டர் ஸர்வத் இரண்டு தாள்களை அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று நீலச் சீட்டு. மற்றொன்று மஹ்ரூஸின் மனு. ஷவ்கி தன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"வாங்க வாங்க! நீங்கதானா அது? ரெண்டும் ஒரே கையெழுத்து! ஒரு குடிமகன் மனப்பதிவும் எழுதி, அந்த மனப்பதிவாளன் நாசமாப் போகணும்னு மனுவும் எழுதியிருக்கான்! சுவிட்சர்லாந்துல கூட இந்த அளவுக்குப் பொதுமக்கள் பங்கேற்பு கிடையாது!"

"பாஷா, அந்தக் குறை பொய். பாதாம் நடுவுலதான் இருந்துச்சு. கண் பட்டுடுமோன்னு..."

"கண்ணா? படிச்ச மனுஷனா இருக்கீங்க! இந்த மாதிரி மூடநம்பிக்கையாலதான் நாடு முன்னேறல."

"உங்க கதவுலயும் மணி தொங்குதே பாஷா?"

"அது அலங்காரம். போன மாசம் புதுக் கார் எடுத்தேன், எடுத்த அன்னிக்கே நானே சாவியால கதவுல ஒரு கோடு இழுத்தேன். அது என் சொந்த விஷயம். இது அரசாங்கம். அரசாங்கத்துல எழுதினதுதான் உண்மை." மேசையிலிருந்த அழைப்பு மணியை அடித்தார். "மனுதாரர் வெளியில காத்துட்டிருக்கார். உள்ள அனுப்பு."

மஹ்ரூஸ் உள்ளே வந்தார். ஷவ்கியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எனக்காகச் சாட்சி சொல்ல வந்தியா? வேலையை விட்டுட்டா வந்த?"

ஷவ்கிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தில் அதற்கும் வழியில்லை.

"மஹ்ரூஸ், அதை எழுதினது நான்தான்."

மஹ்ரூஸ் அவரைப் பார்த்தார், மேசையிலிருந்த நீலச் சீட்டைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"பாதாம் நடுவுலதானே இருந்துச்சு?"

"நடுவுலதான். ஒரு நூல்கூட விலகல."

"அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?"

"கண்ணை மூடிட்டேன்டா."

மஹ்ரூஸ் மேசை மேலிருந்த மனுவை எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், ஷவ்கி கொஞ்சம் தேறியிருப்பார்.

டாக்டர் ஸர்வத்துக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. "ஆக, குறையே இல்லைன்னு ஆயிடுச்சு. வெறும் நிறை மட்டும்! நாலு லட்சத்துல குறையே இல்லாத ஒரே கடை! இதுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கணும். கழுகு முத்திரை, பொன் சட்டம், பத்திரிகைல போட்டோ. 'கெய்ரோவின் குறையற்ற இனிப்பு'ன்னு பெருசா எழுதி வாசல்ல மாட்டுறோம்!"

மஹ்ரூஸின் முகத்தில் ரத்தம் வற்றியது. "ஐயோ பாஷா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அது மட்டும் வேணாம். சீலே இருந்துட்டுப் போகட்டும்."

"சீல், இல்லைன்னா சட்டம். இடையில எங்ககிட்ட எதுவும் இல்ல."

ரமலானுக்கு இரண்டு நாள் முன்பு கடை திறந்தது. வாசலில் பொன் சட்டம் வெயிலில் ஜொலித்தது. தெருவே திரண்டு வந்து அதைப் படித்தது. படித்தவர்கள் எல்லாரும் கடவுள் பெயரை முணுமுணுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்கள். எதிர்க்கடைப் பெண் ஒருத்தி, கண் படாமலிருக்க, ஐந்து விரலையும் விரித்து அந்தச் சட்டத்துக்கு நேராகக் காட்டிவிட்டுப் போனாள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஷவ்கி மட்டும், வரலாமா கூடாதா என்று வாசலில் கால் மாற்றி நின்றுவிட்டு, வந்து தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மஹ்ரூஸ் அவரிடம் பன்னிரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

முதல் தட்டை அளக்க நஸீஹ் கவராயத்தோடு வந்திருந்தார். அளந்தார். நாற்பத்தெட்டும் நடுவில் இருந்தன. ஒன்றைக்கூடத் தின்ன அவர் கை நீளவில்லை.

"எல்லாமே நடுவுலயா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"எல்லாமே," என்றார் மஹ்ரூஸ்.

"எனக்கு அஞ்சு பிள்ளைங்க இருக்காங்கப்பா." நஸீஹ் கவராயத்தை மடக்கிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன் இயக்ககத்தின் சான்றிதழை முதல் எழுத்திலிருந்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினார்.

மஹ்ரூஸ் தட்டின் மேல் குனிந்தார். ஒரு துண்டின் பாதாமைக் கட்டைவிரலால் தள்ளினார். கொஞ்சம்தான்.

வெளியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. "ரெண்டு தட்டு எனக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நிமிடம் கடைக்குள் நிற்க இடமில்லை. நஸீஹும் வரிசையில் நின்றார்.

மஹ்ரூஸ் பாதாம் விலகிய அந்தத் துண்டைத் தனியாக வெட்டி எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஷவ்கியின் முன்னால் நங்கென்று வைத்தார்.

"இனிமே உனக்கு எப்பவும் இதுதான்."

ஷவ்கி தலை நிமிராமல் தின்றார். புதன்கிழமைத் துண்டைவிட நன்றாக இருந்தது. அவருடைய கை, பழக்கத்தில், நீலச் சீட்டுக் கட்டின் பக்கம் போனது. இப்போது எழுதினால் குறை உண்மையாகவே இருக்கும். பென்சிலைத் தொடுவதற்குள் மஹ்ரூஸ் நூலோடு அதைப் பறித்துத் தன் காதில் செருகிக்கொண்டார்.

"பேசாம தின்னுட்டுப் போ."

ஷவ்கி தின்று முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. கூட்டத்துக்குள் மஹ்ரூஸின் முதுகைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.